குட்டியீனும் பன்றிகளின் நோயும் சாவும்

குட்டியீனும் பன்றியொன்று இறந்துபோமானால், நஷ்டம் அதன் விலையோடு நிற்பதில்லை. வயிற்றிலுள்ள குட்டிகளோ, முலையுண்ணும் குட்டிகளோ அதனுடன் போகின்றன. இம்மரணங்களிற் பல, ஈனுவதற்கு முன்னும் பின்னுமுள்ள சில தினங்களிலேயே நேருகின்றன. பாம்பு தீண்டியதென்றோ, கண்ணேறு என்றோ சொல்லிவிட்டால் மெய்யான காரணத்தைத் தேடுவாரில்லை.

கொடுமுடி முதலிய காவேரிக்கரை ஊர்களில் சித்திரை, வைகாசி வெயிலே முதற் சத்துரு. வியர்வையால் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும் சக்தி பன்றிக்கு அநேகமாய் இல்லை. தகரக் கொட்டகையில் அடைபட்ட நிறைசினைப் பன்றி, நடுப்பகலில் வாய் திறந்து இரைத்து, மாலைக்குள் மாண்டுவிடக்கூடும். இரைக்கத் தொடங்கியதை ஓட்டி நடத்தலாகாது; கிடந்த இடத்திலேயே நிழல் அமைத்து உடலை நனைக்க வேண்டும். தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேய்வது பெருஞ்செலவன்று. கீற்றுக்கு இப்பக்கம் பஞ்சமுமில்லை. பால் கொடுக்கும் பன்றி நாளொன்றுக்கு 20 முதல் 30 லிட்டர் வரை நீர் குடிக்கும். தொட்டி வறண்டிருக்க, உப்பு மிகுந்த ஓட்டல் மிச்சத்தைத் தின்றால் வலிப்புக் கண்டு இறப்பதுமுண்டு. பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும்.

சினைக்காலம் ஏறக்குறைய 114 நாள். ஆண்பன்றியோடு சேர்த்த தேதியைக் குறித்து வையாதவர், ஈனும் இரவில் உறங்கிவிடுகின்றனர். குட்டிகள் சாதாரணமாய்க் கால்மணிக்கு ஒன்றாக வரும். தாய் முக்கியும் ஒரு மணி நேரம் ஒன்றும் வராவிடில், உடனே கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். கழுவாத கையை உள்ளே விடுவதால் கருப்பையில் சீழ் பிடிக்கும். ஈன்ற மூன்று தினங்களுக்குள் ஜ்வரம் 40 டிகிரியைத் தாண்டி, மடி கல்லாகி, குட்டிகளை அண்டவொட்டாமல் குப்புறப் படுக்குமாயின் அன்றே சிகிச்சை செய்தல் அவசியம்.

தொற்று நோய் வேறு வகை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அஸ்ஸாமில் தோன்றி, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் காணப்பட்டது. கடுஞ்ஜ்வரம், காதும் அடிவயிறும் சிவந்து நீலித்தல், கருச்சிதைவு, அடுத்தடுத்த சாவு ஆகியவை இதன் குறிகள். பழைய பன்றிக் காய்ச்சலும் பார்வைக்கு இவ்வாறே இருக்கும். அதற்குத் தடுப்பூசியுண்டு, இதற்கு நம் நாட்டில் வழக்கில் இல்லை. ஓட்டல் மிச்சத்தின் வழியாகவும் இது பரவுமாதலால், அதை அரைமணி நேரம் கொதிக்க வையாமல் தீனியாக இடலாகாது.

இவ்விரு காய்ச்சல்களிலொன்று என்று ஐயம் தோன்றினால், 2009ஆம் வருஷத்துச் சட்டப்படி உடையவர் கிராம அதிகாரியிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவர் அதை அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு எழுத்து மூலம் அறிவிக்கலாம். வைத்தியர் வரும்வரை மற்றப் பன்றிகளைச் சந்தைக்கு ஓட்டுவதும், பிணத்தை வாய்க்காலில் எறிவதும் கூடா.