இணையக் கடைவீதி – 14: கேட்பது ஒரு விலை, கட்டுவது ஒரு விலை

கூகுளில் ஒருவர் எதையாவது தேடும்போது, விடை திரைக்கு வருவதற்குள் அந்தச் சொல்லுக்கான விளம்பர ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. 'மணப்பாறை முறுக்கு' என்று தேடினால், அந்தச் சொல்லுக்கு விலை கேட்டு வைத்திருக்கும் வணிகர்கள் எல்லோரும் அந்த நொடியில் ஏலத்தில் நிற்கிறார்கள். அடுத்தவர் தேடினால் மறுபடி ஓர் ஏலம். வரைபடப் பட்டியல், வாட்ஸ்அப் கேட்டலாக் போன்ற காசில்லாத வழிகள் முந்தைய பகுதிகளில் வந்துவிட்டன. இந்த வாரம் விளம்பர வாசகம் எழுதும் முறை வருவதாக இருந்தது. ஏலம் புரியாமல் வாசகத்துக்குப் போவதில் பயனில்லை என்பதால் ஏலம் முந்திக்கொள்கிறது.

தேடல் சொல்லை ஏலத்தில் விற்கும் முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் கலிஃபோர்னியாவின் பில் கிராஸ். 1998இல் அவர் தொடங்கிய 'கோட்டூ.காம்' தளத்தில், விளம்பரத்தை யாராவது கிளிக் செய்தால் மட்டும் வணிகர் காசு கட்டினால் போதும். அதிக விலை கேட்டவருக்கு முதலிடம். கேட்ட விலையையே கட்டவும் வேண்டும். தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பருத்திக்கு நடக்கும் மறைமுக ஏலமும் இந்த வகைதான். வியாபாரி சீட்டில் எழுதிப் போட்ட விலைதான் அவர் கொடுக்க வேண்டிய விலை. பக்கத்து வியாபாரி எவ்வளவு எழுதுவார் என்று கணிப்பதே அங்கே பாதி வேலை.

பருத்திச் சீட்டைப் போட்டபின் மாற்ற முடியாது. கோட்டூவில் எந்நேரமும் மாற்றலாம். போட்டியாளர் கேட்ட விலையும் கண்ணுக்குத் தெரியும். ஒருவர் ஒரு சென்ட் ஏற்றினால் மற்றவரும் ஒரு சென்ட் ஏற்றுவார். கட்டுப்படியாகாத உயரம் வந்ததும் ஒருவர் விலையைத் தடாலென்று இறக்குவார். முதலிடத்தில் இருப்பவரும் அவரைவிட ஒரு சென்ட் மேலே இருக்கும்படி இறக்கிக்கொள்வார். பிறகு மறுபடி ஏற்றம். இதற்கென்றே மென்பொருள் வைத்து இரவும் பகலும் விலையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத சிறு வணிகர்தான் அதில் பின்தங்கினார்.

கூகுள் 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு 'ஆட்வேர்ட்ஸ்' சேவையைத் தொடங்கியது. உயிருள்ள சிங்கி இறாலை அஞ்சலில் விற்ற ஒரு சிறு வணிகரும் தொடக்ககால விளம்பரதாரர்களில் உண்டு. அப்போது கட்டணம், விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதை வைத்து வசூலிக்கப்பட்டது. 2002 பிப்ரவரியில் வந்த புது முறையில் கிளிக்குக்குத்தான் கட்டணம். அதோடு இரண்டு விதிகள் சேர்ந்தன. கேட்ட விலையோடு, அந்த விளம்பரத்தை மக்கள் கிளிக் செய்யும் வாய்ப்பையும் பெருக்கி வரிசை போடப்பட்டது. வரிசையில் தன் இடத்தைத் தக்கவைக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கட்டினால் போதும் என்றானது.

கணக்காகவே பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். முதல் கடைக்காரர் கேட்பது 20 ரூபாய், அவர் விளம்பரத்தின் தரம் (கிளிக் வாய்ப்புக்கான மதிப்பெண்) 4, பெருக்கினால் 80. இரண்டாமவர் கேட்பது 12 ரூபாய், தரம் 8, பெருக்கினால் 96. மூன்றாமவரும் 12 ரூபாய்தான் கேட்கிறார், தரம் 5, பெருக்கினால் 60. முதலிடம் 12 ரூபாய் கேட்ட இரண்டாமவருக்கு. அவர் 80ஐத் தாண்டினால் போதும். 80ஐ 8ஆல் வகுத்தால் 10 ரூபாய், அதற்கு மேல் சில பைசா. 20 ரூபாய் கேட்டவர் அடுத்த இடத்தில் நின்று, 60ஐ 4ஆல் வகுத்து, ஏறத்தாழ 15 ரூபாய் கட்டுகிறார். நல்ல விளம்பரம் மேலே நிற்கிறது, குறைவாகவும் கட்டுகிறது. பெரிய நிறுவனத்துக்கு எதிரே சிறு கடை நிற்க முடிவது இந்தப் பெருக்கலால்தான்.

கேட்ட விலையைக் கட்டாமல் அடுத்தவரைத் தாண்டும் விலையைக் கட்டுவது கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் தபால்தலை சேகரிப்போருக்கு அஞ்சல்வழி ஏலம் நடத்தியவர்கள் 1893இலேயே இதைச் செய்தார்கள். பொருளியலில் இதற்கு இலக்கணம் வகுத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் விக்ரே. மூடிய ஏலத்தில் வென்றவரை இரண்டாவது உயர்ந்த விலையைக் கட்டச் சொன்னால், பிறரைப் பற்றி யூகிக்காமல் தன் மனத்திலுள்ள உண்மையான மதிப்பை எழுதுவதே ஒவ்வொருவருக்கும் நல்லது என்று 1961இல் நிறுவினார். 1996 அக்டோபர் 8 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் காலமானார்.

இதே எண்ணம் 1797இல் ஜெர்மானியக் கவிஞர் கெதேவுக்கு உதித்திருந்தது என்பது வியப்பான செய்தி. 'ஹெர்மன் உண்ட் டோரோதேயா' காவியத்தை விற்க பெர்லின் பதிப்பாளர் ஃபீவெக்கோடு பேச்சு நடந்தது. புத்தகத்தில் எவ்வளவு லாபம் என்பது பதிப்பாளருக்குத் தெரியும், எழுதியவருக்குத் தெரியாது என்ற குறை கெதேவுக்கு இருந்தது. தான் எதிர்பார்க்கும் தொகையை எழுதி, உறையை மூடி, இருவருக்கும் பொதுவான பெட்டிகர் என்பவரிடம் கொடுத்தார். ஃபீவெக் சொல்லும் தொகை உறையிலுள்ளதைவிடக் குறைவு என்றால் பேரம் இல்லை. அதிகம் என்றால் உறையிலுள்ள தொகையைக் கொடுத்தால் போதும். கூடுதலாகச் சொல்வதால் பதிப்பாளருக்கு நட்டமில்லை. ஆகவே அவர் உண்மையான மதிப்பைச் சொல்வார், அது தனக்குத் தெரிந்துவிடும் என்பது கெதேவின் கணக்கு. திட்டத்தில் ஓட்டை இல்லை, இடையில் இருந்த ஆளிடம் இருந்தது. உறையிலிருந்தது 1000 தாலர். ஃபீவெக் சொன்னதும் சரியாக 1000 தாலர். பெட்டிகர் சொல்லிவிட்டிருந்தார். இரு பொருளியலாளர்கள் 1998இல் இதை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் கெதேவின் பெயர் ஏல வரலாற்றில் பரவலாக இடம்பெற்றது.

சிறு வணிகருக்கு இதிலிருந்து கிடைக்கும் வேலை ஒன்றுதான்: ஒரு கிளிக் தனக்கு எவ்வளவு பெறும் என்று கண்டுபிடிப்பது. முறுக்குக் கடைக்காரருக்கு ஓர் ஆர்டரில் எல்லாச் செலவும் போக 150 ரூபாய் நிற்கிறது, நூறு கிளிக்கில் நான்கு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால், நூறு கிளிக்கின் வரவு 600 ரூபாய். ஒரு கிளிக்கின் மதிப்பு 6 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத கடைக்கு விளம்பரத்தின் மீதான 18 சதவீத வரியும் செலவே. அதைக் கழித்தால் ஏறத்தாழ 5 ரூபாய். வாங்கியவர்கள் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள் என்றால் மதிப்பு அதற்கேற்ப உயரும். இந்த எண் தெரியாமல் விளம்பரக் கணக்கைத் திறப்பவர்தான் பணத்தை இழக்கிறார். கூகுளின் ஏலத்தில் பல இடங்கள் ஒரே நேரத்தில் விற்கப்படுவதால் விக்ரேயின் முடிவு அப்படியே பொருந்தாது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. சில வேளைகளில் மதிப்பைவிடக் குறைத்துக் கேட்பதே லாபம். ஆகவே அந்த 5 ரூபாயை உச்சவரம்பு என்று கொள்ள வேண்டும்.

ஏலம் நடத்துபவரே விதியும் வகுக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. போட்டியாளர் யாருமே இல்லாத சொல்லுக்கும் கூகுள் ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. ஏலத்தைச் சற்று மாற்றி விளம்பர விலையை 5 சதவீதம் அளவுக்கு உயர்த்தியதுண்டு என்று நிறுவன அதிகாரி ஒருவர் 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். தேடலிலும் தேடல் முடிவுகளோடு வரும் எழுத்து விளம்பரத்திலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். கணக்கைத் திறக்கும்போது திரையில் வரும் 'பரிந்துரைக்கப்பட்டது' என்ற குறிப்புகளை வணிகர் தன் எண்ணோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

அப்படிக் கவனிக்க வேண்டிய அமைப்புகளில் இரண்டை இப்போதே சரிசெய்துவிடலாம். இட அமைப்பில், அந்த ஊரில் இருப்பவர்களோடு 'ஆர்வம் காட்டுபவர்கள்' என்பதும் சேர்ந்தே வரும்; உள்ளூரில் மட்டும் டெலிவரி செய்யும் கடை, ஊரில் இருப்பவர்கள் என்பதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். நாள் பட்ஜெட் 200 ரூபாய் என்று எழுதினாலும் ஒரே நாளில் 400 ரூபாய் வரை செலவாகலாம். மாதத்துக்கு அந்தத் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது என்பதுதான் உறுதி. எனவே மாதத் தொகையை முதலில் முடிவு செய்து, 30.4ஆல் வகுத்து எழுதுவது பாதுகாப்பு.

தேவையில்லாத தேடல்களை விலக்கும் சொற்பட்டியலும், ஒத்திவைக்கப்பட்ட விளம்பர வாசகமும் அடுத்த வாரம். அதற்குள் கடை நடத்தும் வாசகர்கள் ஓர் ஆர்டரில் கையில் நிற்கும் தொகையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண் இருந்தால்தான் அடுத்த பகுதி பயன்படும்.