ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டர் காற்று! தெரியுமா?

ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளி என்றால் ராஜாஜி பிறந்த ஊர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். 1878 டிசம்பர் 10. சரி, அதே 1878-ல் ஸ்காட்லாந்துக்காரர் டுகால்ட் கிளார்க் எதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? தன் முதல் டூ-ஸ்ட்ரோக் என்ஜினை!

பிறந்த வருஷம் ஒன்று, அதைத் தவிர ராஜாஜிக்கும் என்ஜினுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். 1939-க்கு வாருங்கள். அவர் தலைமையில் சென்னை மாகாண அரசு நடந்தபோதுதான் மோட்டார் ஸ்பிரிட் விற்பனை வரிச் சட்டம் வந்தது. மோட்டார் ஸ்பிரிட் வேறொன்றுமில்லை, பெட்ரோல்தான்! பங்க்கில் ரசீதைப் பார்த்து நாம் பெருமூச்சு விடுகிறோமே, அந்த விற்பனை வரியை இந்த மாகாணத்தில் தொடங்கிவைத்தவர் இந்த ஊர்க்காரர். இத்தோடு விட்டதா? அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே, ஓசூர் ஆலையிலிருந்து 1980-ல் புறப்பட்டது டிவிஎஸ் 50. இரண்டு பேர் ஏறிப் போகிற மாதிரி இந்தியாவில் வந்த முதல் மொபெட். கீரைக்கட்டு, பால் கேன், ரோஜாப்பூ மூட்டை என்று எதைக் கட்டினாலும் முனகிக்கொண்டே போன அந்த 50 சிசி என்ஜினின் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான்.

இனி அந்த என்ஜினுக்குள்ளே போவோம். எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எடையில் சொன்னால் யாருக்கும் உறைக்காது, லிட்டரில் சொல்கிறேன்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! தோட்டத்தில் மருந்தடிக்கும் மெஷினின் குட்டி டேங்க் தீர்வதற்குள் ஒரு சின்ன அறைக் காற்றை அது விழுங்கிவிட்டிருக்கும். ஆனால் என்ஜின் நின்றால் நாம் யாரைத் திட்டுகிறோம்? பங்க்காரரை. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. ராகி அடித்த தூசி, செம்மண் புழுதி எல்லாம் அந்தப் பஞ்சில் அப்பி மூச்சை அடைத்திருக்கும். பஞ்சு ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, இரண்டு சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டினால் பாதி நோய் பறந்துவிடும். காகித ஃபில்டரை மட்டும் தண்ணீரில் நனைத்துவிடாதீர்கள்.

சென்னையில் கச்சிதமாக ஓடிய கார்புரேட்டர் என்ஜின் ஓசூருக்கு வந்ததும் ஏன் கரும்புகை கக்குகிறது தெரியுமா? ஓசூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர்! இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு எட்டு பங்கு குறைந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது, சென்னைக் கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். பிளக்கில் கரி, இழுவையில் குறைவு, மைலேஜில் அடி. பெங்களூர்க் குளிர் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்வதெல்லாம் சும்மா. பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை ஒரு நம்பர் குறைத்தால் கரும்புகை அடங்கும். போன இழுவை முழுசாகத் திரும்பாது, அதற்கு மெக்கானிக்கைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்து பிளக். கழற்றி, என்ஜின் உடம்பில் வைத்து, கிக் அடித்துப் பார்க்கிறோம். நீலமாகப் பொறி பாய்கிறது. ‘கரண்ட் வருது’ என்று தீர்ப்புச் சொல்லி மறுபடி மாட்டுகிறோம். வண்டி எடுக்காது! ஏன் தெரியுமா? வெளியே சாதாரணக் காற்றில் தாவும் பொறி, உள்ளே பிஸ்டன் அமுக்கிய காற்றில் தாவ இன்னும் கூடுதல் வோல்ட் கேட்கிறது. பொறிக்குக் கரண்ட் தரும் காயில் தளர்ந்திருந்தால் வெளியே வீரம் காட்டும், உள்ளே போனால் சுருண்டுவிடும். அதனால் பொறி தெரிந்தது என்பதை வைத்து மட்டும் காயிலை நல்லவன் என்று விட்டுவிடக் கூடாது. பிளக் முனை ஈரமாகப் பெட்ரோல் வாசம் அடித்தால் பெட்ரோல் வந்துவிட்டது, பெரும்பாலும் பற்றவைப்பில்தான் கோளாறு. பலமுறை அடித்தும் காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. ஒரு பிளக் ஸ்பேனரும் மூக்கும் போதும். பெட்ரோல் சிந்திய இடத்தில் மட்டும் பொறி பார்க்காதீர்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. என்ஜின் ஜோராக ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச நேரம் ஓடுகிறது. திடீரென்று நின்றுவிடுகிறது. ஆள் ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடித்தால் மறுபடி ஓடுகிறது. மறுபடி நிற்கிறது. பேய் பிடித்ததா? இல்லை, டேங்க் மூடியில் ஊசி நுழையாத அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறதே, அது அடைத்துக்கொண்டது! பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து காற்று வர வேண்டும். வழி இல்லையென்றால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் இதே நாடகத்தைச் சூடேறிய காயிலும் ஆடும், அதுதான் வில்லங்கம். சூட்டில் உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். எது குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, சற்று நேரத்தில் வண்டி எடுத்துக்கொண்டால் மூடிதான். திறந்தும் எடுக்காமல், என்ஜின் ஆறிய பிறகுதான் எடுக்கிறதென்றால் காயில். இது தெரியாமல் கார்புரேட்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டவர்கள் ஏராளம்.

காற்று வழியைச் சிலந்தி அடைத்ததால் ஒரு கம்பெனி தன் கார்களைத் திரும்ப அழைத்தது தெரியுமா? 2011-ல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. ஒருவகை மஞ்சள் சிலந்தி டேங்கின் காற்றுக் குழாய்க்குள் புகுந்து வலை பின்னியதுதான் காரணம். அதற்குப் பெட்ரோல் வாசம் என்றால் உயிராம்! நம் பக்கத்தில் அந்த வேலையைக் குளவி பார்த்துக்கொள்கிறது. மாசக்கணக்கில் மூலையில் கிடந்த மெஷினின் சைலன்சர் வாயில் மண்கூடு கட்டிவிட்டுப் போயிருக்கும்.

சைலன்சர் என்றதும் ஒன்று. பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, சத்தமும் போடுகிறது, மேட்டில் மட்டும் ஏற மறுக்கிறதா? புகை வெளியே போனால்தானே புதுக் காற்று உள்ளே வரும்! பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் எரிந்த கரி சைலன்சருக்குள் கட்டி கட்டியாகப் படிந்து வழியைக் குறுக்கிவிடுகிறது. லிட்டருக்கு 20 மில்லி ஊற்றினால் ஐம்பதுக்கு ஒன்று என்று கணக்கு. என்ஜின் நன்றாக இருக்கட்டும் என்று பாசத்தில் இன்னும் கொஞ்சம் கவிழ்க்கிறோம், அந்தப் பாசம்தான் சைலன்சரில் கரியாகப் படிகிறது. 2015-ல் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வந்த பிறகு, அதை வாங்கியவர்கள் ஆயில் அளக்கும் டப்பாவைத் தேடுவதில்லை.

பெட்ரோலையும் விட்டுவைக்கக் கூடாது. 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை, காற்றில் இருக்கும் ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் என்ன ஆகும் தெரியுமா? எத்தனாலும் தண்ணீரும் கூட்டுச் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும்! என்ஜினுக்குப் போகும் குழாயும் அடியில்தானே இருக்கிறது? டூ-ஸ்ட்ரோக் மெஷினுக்கு இது இரட்டை ஆபத்து. ஆயில் மேலே பெட்ரோலோடு தங்கிவிட, கீழே இருக்கும் ஆயில் இல்லாத கலவை என்ஜினுக்குப் போகும். பிஸ்டன் பிடித்துக்கொள்ள வேறென்ன வேண்டும்! மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நிறுத்தப்போகும் மருந்து மெஷினா? டேங்கை வடித்துவிடுங்கள். பெட்ரோல் டேப்பை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் தொட்டியும் காலியாகிவிடும். இல்லாவிட்டால் உள்ளே பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாக உறைந்து, மயிரிழை அகலமுள்ள ஜெட் ஓட்டையை அடைத்துவிடும். அடைத்துவிட்டதா? கம்பி விட்டுக் குத்தாதீர்கள்! பித்தளையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஓட்டை பெரிதாகி, பெட்ரோல் கூடுதலாகப் போய், ஆயுசுக்கும் கரும்புகைதான். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் வந்துவிடும்.