மீட்கப்பட்ட காக்கட்டீல் பராமரிப்பு

மீட்கப்பட்ட காக்கட்டீல் பராமரிப்பு என்பது கைவிடப்பட்ட, புறக்கணிக்கப்பட்ட, அல்லது வீட்டிலிருந்து தப்பிப் பறந்து பின்னர் பிடிக்கப்பட்ட காக்கட்டீல் பறவைகளுக்குப் புதிய இல்லத்தில் அளிக்கப்படும் கவனிப்பு ஆகும். இவ்வாறு வரும் பறவைகளுள் பல மனிதரின் கையையும், புதிய இடத்தையும், திடீர் ஒலிகளையும் கண்டு கடுமையாக அஞ்சுகின்றன. அஞ்சிய பறவை அசையாமல் இருப்பதால், அதன் அச்சம் பல வேளைகளில் அமைதி என்றோ பழக்கம் என்றோ தவறாகக் கருதப்படுகிறது. பறவை தானாக நெருங்கவும், வேண்டும்போது விலகவும் இடம் கொடுப்பதே இப்பராமரிப்பின் அடிப்படையாகும்.

பெயரும் வகைப்பாடும்

காக்கட்டீல், கொண்டைக்கிளிகள் எனப்படும் காக்கட்டூ குடும்பத்தைச் சேர்ந்த பறவை ஆகும். அக்குடும்பத்தில் மிகச் சிறியது இதுவே. இதன் அறிவியற் பெயர் நிம்ஃபிக்கசு ஒல்லாண்டிக்கசு என்பதாகும். 1792 ஆம் ஆண்டில் இசுக்காட்லாந்து நாட்டு அறிஞர் ராபர்ட் கெர் இவ்வினத்தை முதலில் முறைப்படி விவரித்தார். 1832 இல் செருமானியப் பறவையியலாளர் யொகான் வாக்ளர் இதற்கெனத் தனிப் பேரினத்தை அமைத்தார். ஆத்திரேலியாவின் பழைய பெயரான 'புதிய ஒல்லாந்து' இதன் பெயரில் இடம்பெற்றுள்ளது. இப்பேரினத்தில் வேறு இனங்கள் இல்லை.

வளர்ந்த பறவை ஏறத்தாழ 30 முதல் 33 செ.மீ. நீளமும், பொதுவாக 80 முதல் 120 கிராம் வரை எடையும் கொண்டது. காட்டுப் பறவைகள் சாம்பல் நிறமுடையவை. கன்னத்தில் செம்மஞ்சள் நிறப் பொட்டும், சிறகில் வெண்பட்டையும் காணப்படும். வளர்ப்பில் மஞ்சள் கலந்த வெண்ணிற 'லூட்டினோ' முதலிய பல நிற வகைகள் தோன்றியுள்ளன. நன்கு பராமரிக்கப்படும் பறவை 15 முதல் 20 ஆண்டுகள் வரையோ அதற்கு மேலுமோ வாழக்கூடும். ஆகவே ஒரு பறவை தன் வாழ்நாளில் பல வீடுகள் மாற நேர்வது அரிதன்று.

அச்சத்தின் அடிப்படை

காக்கட்டீல்கள் ஆத்திரேலியாவின் உட்பகுதியில் உள்ள வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்டவை. நீரையும் விதைகளையும் தேடிக் கூட்டமாக இடம்பெயர்கின்றன. பெரும்பாலும் தரையில் இரை மேய்வதால் வல்லூறு போன்ற கொன்றுண்ணிகளுக்கு எளிதில் இரையாகக் கூடியவை. கூட்டத்தில் ஒரு பறவை வெருண்டால் அனைத்தும் ஒரே நேரத்தில் எழுந்து பறந்துவிடும். அச்சத்திற்கு இவற்றிடம் உள்ள முதன்மையான விடை பறத்தலே ஆகும்.

நாய் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறது. காக்கட்டீலோ ஐரோப்பாவில் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே பரவலாக வளர்க்கப்படலாயிற்று. கூண்டில் பிறந்த பறவையிடமும் காட்டுப் பறவையின் உள்ளுணர்வுகள் பெரிதும் மாறாமல் உள்ளன. கூண்டு இப்பறவையிடமிருந்து பறத்தல் என்னும் விடையை எடுத்துவிடுகிறது. தப்ப வழியில்லாத பறவைக்கு எஞ்சியிருப்பவை கடித்தலும் உறைந்து நிற்றலும் மட்டுமே.

தனிமையும் அச்சத்தைக் கூட்டும். காக்கட்டீல் தன் கூட்டத்தோடு அழைப்பொலிகளால் தொடர்பு கொள்கிறது. பழைய துணையை அல்லது உரிமையாளரை இழந்து வந்த பறவை இவ்வழைப்பைத் திரும்பத் திரும்ப எழுப்புவதைக் காணலாம். அதற்கு மெல்லிய குரலிலோ சீழ்க்கையாலோ மறுமொழி தருவது நல்லது.

உடல்மொழி

காக்கட்டீலின் மனநிலையை அறியப் பெரிதும் உதவுவது அதன் கொண்டை.

- கொண்டை செங்குத்தாக நிமிர்ந்து, உடல் நீண்டு மெலிந்து தோன்றினால் பறவை திடுக்கிட்டுள்ளது அல்லது எதையோ உற்றுக் கவனிக்கிறது.
- கொண்டை தலையோடு ஒட்டிப் படிந்து, வாய் திறந்து சீறினால் அது எச்சரிக்கையாகும். அடுத்து வருவது கடியே.
- கொண்டை பாதி சாய்ந்த நிலையில் இருந்தால் பறவை பொதுவாகத் தளர்வாக உள்ளது.
- அலகை மெல்ல அரைத்தல், ஒற்றைக் காலில் நிற்றல், இறகு கோதுதல், உடலை ஒருமுறை சிலிர்த்து உதறுதல் ஆகியவை அமைதியின் அறிகுறிகள்.

இறகுகளை உடலோடு இறுக்கி, கண்களை அகல விரித்து, சிறிதும் அசையாமல் இருக்கும் பறவை அமைதியாக இல்லை. அது உறைந்து நிற்கிறது. கையில் எடுத்தால் எதிர்ப்புக் காட்டவில்லை என்பதற்காக அது பழகிவிட்டது எனக் கொள்ளலாகாது.

தப்ப வழியற்ற நிலையில் விலங்குகள் எதிர்ப்பைக் கைவிடுவதை 1967 இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகியோர் நாய்களிடம் நடத்திய ஆய்வுகளில் விவரித்தனர். இது 'கற்றுக்கொண்ட கையறுநிலை' எனப்பட்டது. 2016 இல் அவ்விருவரே தம் கருத்தைத் திருத்தினர். நெடிய துன்பத்தில் செயலற்றுப் போவது கற்கப்படுவதன்று, அது இயல்பான எதிர்வினை என்றும், தன் செயலால் நிலைமையை மாற்ற முடியும் என்பதே கற்கப்படுகிறது என்றும் அவர்கள் விளக்கினர். இவ்வாய்வுகள் பாலூட்டிகளைப் பற்றியவை. எனினும், 'நான் விலகினால் கையும் விலகும்' என்பதைப் பறவை கற்க வாய்ப்பளிக்கும் இன்றைய பயிற்சி முறைகள் இக்கருத்தோடு ஒத்துப்போகின்றன.

முதல் வாரங்கள்

பறவை வந்தவுடன், பறவை மருத்துவத்தில் பயிற்சியுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டுவது முதற்கடமை ஆகும். அச்சமாகத் தோன்றுவது சில வேளைகளில் வலியாகவோ நோயாகவோ இருக்கலாம். வீட்டில் வேறு பறவைகள் இருந்தால் புதிய பறவையை 30 முதல் 45 நாட்கள் தனி அறையில் வைத்திருப்பது வழக்கம்.

கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்க வேண்டும். நாற்புறமும் திறந்திருந்தால் பறவை எல்லாத் திசைகளையும் காவல் காக்க நேரிடும். கூண்டு மனிதரின் மார்பு உயரம் முதல் கண் உயரம் வரை அமைவது நன்று. மேலிருந்து குனியும் உருவம் கொன்றுண்ணியை நினைவூட்டும். சமையலறை, தொலைக்காட்சிப் பெட்டியின் அருகு, நேர் வெயில் விழும் சன்னல் ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். பறவை சிறகை முழுதாக விரித்துத் திரும்புவதற்கு ஏற்ற அகலம் கூண்டிற்குத் தேவை. அமர்குச்சிகள் ஒரே பருமனில் இல்லாமல், நச்சற்ற மரக்கிளைகளாக இருப்பது கால்களுக்கு நல்லது.

பழைய கூண்டும் பழைய உணவும் கிடைத்தால் தொடக்கத்தில் அவற்றையே பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது பறவையிடம் எஞ்சியுள்ள பழக்கமான பொருட்களையும் பறிப்பதாகும். நாள்தோறும் ஒரே நேரத்தில் உணவிடுவதும், 10 முதல் 12 மணி நேரம் இருளில் உறங்க விடுவதும் பறவைக்கு ஓர் ஒழுங்கைத் தரும்.

நம்பிக்கையை வளர்த்தல்

அஞ்சும் பறவையைத் துணியால் போர்த்திப் பிடித்து, அது ஓயும்வரை கையில் வைத்திருப்பது பழைய முறை. இது விரைவில் பலன் தருவதாகத் தோன்றும். ஆனால் அதனால் கிடைப்பது பெரும்பாலும் மேலே கூறிய செயலற்ற நிலையே. கையைக் காணும்தோறும் அச்சம் மேலும் வலுப்பெறவும் கூடும்.

இதற்கு மாறானது படிப்படியாக அச்சம் நீக்கும் முறை. மனிதரின் அச்சங்களுக்கு இம்முறையைத் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் சோசப் வோல்ப்பே 1958 இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துரைத்தார். அஞ்சும் பொருளை அச்சம் எழாத அளவில் மட்டும் காட்டி, அதனை இனிய ஒன்றோடு இணைப்பதே இதன் கருத்து. காக்கட்டீலுக்கு இது பின்வருமாறு அமையும்.

1. பறவை தளர்வாக இருக்கும் மிகக் குறைந்த தொலைவைக் கண்டறிதல். சில பறவைகளுக்கு அது அறையின் மறுகோடியாக இருக்கலாம்.
2. அத்தொலைவில் அமர்ந்து, பறவையை நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, படித்தல் அல்லது மெல்லப் பேசுதல்.
3. ஒவ்வொரு முறை கூண்டைக் கடக்கும்போதும் விரும்பும் உணவு ஒன்றைத் தட்டில் இட்டு உடனே விலகுதல். தினைக் கதிர் இதற்கு மிகவும் ஏற்றது.
4. நீண்ட தினைக் கதிரைக் கம்பிகளின் ஊடே நீட்டுதல். பறவை தானாக வந்து கொத்தும்வரை கதிரை அசைக்கலாகாது.
5. நாட்கள் செல்லச் செல்லக் கதிரின் நீளத்தைக் குறைத்து, கடைசியில் உள்ளங்கையில் வைத்தல்.
6. சிறு குச்சியின் முனையை அலகால் தொட்டால் உணவு கிடைக்கும் எனக் கற்பித்தல். இதனால் கையால் தொடாமலேயே பறவையைக் கூண்டினுள் செல்லப் பழக்கலாம்.

கொண்டை படிந்தாலோ, பறவை பின்வாங்கினாலோ, கையை உடனே விலக்கி முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். இது தோல்வியன்று. தன் சிறு அறிகுறிக்கே மதிப்பு உண்டு எனக் கண்ட பறவைக்குக் கடிக்க வேண்டிய தேவை குறைகிறது. சீறலைத் தண்டித்தால் பறவை எச்சரிக்கை செய்வதை விட்டு நேரடியாகக் கடிக்கக் கற்றுவிடலாம். பயிற்சி ஒரு முறைக்கு ஐந்து மணித்துளிகள் போதுமானது. இதற்குச் சில வாரங்களோ பல மாதங்களோ ஆகலாம்.

இரவு அச்சம்

இருளில் திடீரென விழித்து, கூண்டினுள் கண்மூடித்தனமாகச் சிறகடித்து மோதிக்கொள்வது 'இரவு அச்சம்' எனப்படுகிறது. காக்கட்டீல்களில் இது நன்கு அறியப்பட்ட ஒன்றாகும். லூட்டினோ வகையில் மிகுதியாகக் காணப்படுவதாகப் பறவை வளர்ப்போர் கூறுவர். வண்டி விளக்கின் ஒளி, பூச்சி, பூனையின் நிழல், வெடியோசை ஆகியவை இதனைத் தூண்டலாம். வளரும் இறகு முறிந்து குருதி கசியவும் வாய்ப்புண்டு.

அறையில் மங்கலான இரவு விளக்கு வைப்பது நல்ல தடுப்பு முறையாகும். அச்சம் நேர்ந்தால் மெல்ல விளக்கேற்றி, தாழ்ந்த குரலில் பேசி, பறவை அமர்குச்சிக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். உடனே கையை உள்ளே விடுவது அச்சத்தைப் பெருக்கும். பின்னர் காயம் உள்ளதா எனப் பார்த்து, குருதி நிற்காவிடில் மருத்துவரை நாட வேண்டும்.

உணவு

மீட்கப்படும் பறவைகள் பலவும் விதைகளை மட்டுமே உண்டு வளர்ந்தவையாக இருக்கும். சூரியகாந்தி விதை போன்றவற்றில் கொழுப்பு மிகுதி. உயிர்ச்சத்து ஏ, சுண்ணாம்புச் சத்து ஆகியவை குறைவு. இதனால் கல்லீரலில் கொழுப்புப் படிதல், மூச்சுத் தொல்லை போன்ற குறைபாடுகள் தோன்றலாம். பறவைகளுக்கெனத் தயாரிக்கப்பட்ட குளிகை உணவு, கீரைகள், துருவிய கேரட், பரங்கிக்காய் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். கணவாய் ஓடு சுண்ணாம்புச் சத்தைத் தரும்.

மாற்றம் மெதுவாக நிகழ வேண்டும். அறியாத உணவைக் கண்டு அஞ்சும் பறவை பட்டினி கிடக்கவும் கூடும். ஆகவே கிராம் அளவில் காட்டும் தராசில் நாள்தோறும் காலையில் எடை பார்ப்பது நல்லது. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரை அணுக வேண்டும். வெண்ணெய்ப் பழம், சாக்லேட், காப்பி, மது, உப்பிட்ட தின்பண்டங்கள் ஆகியன பறவைகளுக்குத் தீங்கானவை.

உடல்நலமும் வீட்டு இடர்களும்

இரையாகும் விலங்குகள் நோயை மறைக்கும் இயல்புடையன. உடலைப் புடைத்துக்கொண்டு கூண்டின் தரையில் அமர்தல், மூச்சு விடும்போது வால் ஏறி இறங்குதல், எச்சத்தின் நிறமும் அளவும் மாறுதல் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள் அல்ல, நோயின் அறிகுறிகள்.

'கிளாமிடியா சிட்டாசி' என்னும் நுண்ணுயிரால் வரும் கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றக்கூடியது. உலர்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால் இது பரவலாம். உரிய நுண்ணுயிர்க் கொல்லி மருந்தால் இதனைக் குணப்படுத்தலாம். மேலும், காக்கட்டீலின் இறகுகள் வெண்தூளை உதிர்ப்பதால் இழைப்பு நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

பறவைகளின் மூச்சு மண்டலம் மிகவும் நுண்ணுணர்வு கொண்டது. மிகையாகச் சூடேறிய ஒட்டாப் பூச்சுப் பாத்திரத்திலிருந்து எழும் ஆவி, பறவையைச் சில மணித்துளிகளில் கொன்றுவிடக் கூடும். கொசுவர்த்தி, ஊதுவத்தி, சாம்பிராணி ஆகியவற்றின் புகையையும் தவிர்க்க வேண்டும். பறவையை வெளியே விடும் முன் மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களை அடைக்க வேண்டும். பறவைகளுக்கு உதரவிதானம் இல்லை; மார்பை அசைத்தே அவை மூச்சு விடுகின்றன. எனவே மருத்துவத் தேவைக்காகப் பிடிக்க நேர்ந்தாலும் மார்பை அழுத்தலாகாது.

இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்ளும் பழக்கத்திற்கு அச்சமும் சலிப்பும் காரணமாகலாம். ஒட்டுண்ணியும் தோல் நோயும் கூடக் காரணமாகலாம். மருத்துவ ஆய்வுக்குப் பின்னரே அதனை மனநிலையின் விளைவாகக் கொள்ள வேண்டும்.

பராமரிப்பின் எல்லைகள்

அச்சம் கொண்ட பறவைக்கு அமைதியான துணைப் பறவை உதவக்கூடும். ஆயினும் தனிமைப்படுத்தும் காலம் முடிந்த பின்னரே, முதலில் தனித்தனிக் கூண்டுகளில் வைத்து அறிமுகம் செய்ய வேண்டும். இரக்கத்தால் பறவையை வெளியே பறக்க விடுவது அதற்கு நன்மையாகாது. கூண்டில் வளர்ந்த காக்கட்டீல் இரை தேடவும் கொன்றுண்ணிகளிடமிருந்து தப்பவும் பழகியிருப்பதில்லை.

எல்லாப் பறவைகளும் கையில் வந்து அமர்வதில்லை. சில பறவைகள் வாழ்நாள் முழுதும் தொடுதலை விரும்பாமலே இருக்கும். மனிதர் அறைக்குள் வரும்போது உண்பதை நிறுத்தாமலும், ஒற்றைக் காலில் நின்றபடியே அலகை அரைத்துக் கண்ணயர்ந்தும் இருக்கும் பறவை, கையை ஏற்காவிடினும், அச்சத்திலிருந்து பெரிதும் மீண்ட பறவையே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

- கிளி
- காக்கட்டூ
- செல்லப் பறவைகள்
- விலங்கு நடத்தையியல்