களிமண் பூட்டு... கிணற்றுக்குக் காவல்!

சித்த மருத்துவத்தில் பற்பம், செந்தூரம் செய்கிறவர்களுக்குச் 'சீலைமண்' நன்றாகத் தெரியும். மருந்துச் சரக்கை ஓர் அகலில் வைத்து, மேலே இன்னொரு அகலைக் கவிழ்த்து, இரண்டும் சேருகிற விளிம்பில் களிமண் தோய்த்த துணியைச் சுற்றிக் காயவைப்போம். பல மருந்துகளுக்கு ஏழு சுற்று. அதற்குப் பிறகுதான் வறட்டி அடுக்கிப் புடம் போடுவது. உள்ளே இருப்பது ரசமோ தாளகமோ, அதன் ஆவி வெளியே கசியக் கூடாது. கசிந்தால் மருந்தும் போச்சு, பக்கத்தில் நிற்பவர் உடம்பும் போச்சு! சீலையில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி செய்யத்தான் வேண்டும்.

நஞ்சைக் களிமண்ணால் பூட்டலாம். ஆனால், விரிசல் விட்டால் அந்தப் பூட்டால் பயனில்லை. இந்த இரண்டும் உங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் போருக்கும் அப்படியே பொருந்தும். எப்படி என்று பார்ப்போமா?

களிமண் எப்படித் தடுக்கிறது?

மணல் என்பது உருண்டை உருண்டையான துகள். கடுகைக் கொட்டி வைத்தது போல நடுவே நிறைய இடைவெளி இருக்கும். களிமண் துகளோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது. வடிவமும் தட்டை. அப்பளங்களை நெருக்கி அடுக்கி வைத்தது போல ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும். ஈரம் பட்டால் உப்பி, இருக்கிற சந்தையும் அடைத்துக்கொள்ளும்.

பருமணலில் தண்ணீர் ஒரே நாளில் பல அடி இறங்கிவிடும். ஈரப்பதம் பார்த்து நன்றாக இறுக்கிய நல்ல களிமண்ணில், மேலே தண்ணீர் அதிகம் தேங்காமல் இருந்தால், ஓர் ஆண்டு முழுவதும் ஊடுருவுவது சுமார் 3 செ.மீ. உயரத் தண்ணீர்தான்!

இன்னொரு குணமும் உண்டு. களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை இருக்கிறது. அதனால் ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்ற நேர்மின் கொண்ட உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழிவுநீரில் வரும் கிருமிகள் பலவும் இந்த நெருக்கத்தில் சிக்கி, கிணற்றை எட்டும் முன்பே மடிந்துபோகும்.

எதைத் தடுக்காது?

மலம், மூத்திரம், உரம் இவற்றிலிருந்து வரும் நைட்ரேட்டைக் களிமண் பிடித்து வைப்பதில்லை. அதுவும் எதிர்மின் தன்மை உள்ளது என்பதால் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். களிமண்ணால் முடிந்தது அந்தத் தண்ணீரின் ஓட்டத்தை மெதுவாக்குவது மட்டுமே.

நம் நாட்டுத் தர அளவுப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதிகமானால் முதலில் ஆபத்து கைக்குழந்தைக்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கலாம். உதடும் நகமும் நீலம் பாயும். 'நீலக் குழந்தை நோய்' என்பது இதைத்தான்.

"நல்லா கொதிக்க வச்சுத்தான் குடுக்கறோம் டாக்டர்" என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். சித்த மருத்துவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தேற்றான்கொட்டை கலங்கல் நீரைத் தெளிய வைக்கும். கரைந்துவிட்ட நஞ்சை எடுக்காது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருப்பதால் மட்டும் அது நல்ல தண்ணீர் ஆகிவிடாது!

பூட்டை உடைத்த ஊர்

அமெரிக்காவில், நயாகரா நீர்வீழ்ச்சி இருக்கும் ஊரில், 'லவ் கால்வாய்' என்று பாதியில் கைவிடப்பட்ட ஒரு கால்வாய். 1942 முதல் 1953 வரை ஒரு ரசாயன நிறுவனம் அதில் சுமார் 20 ஆயிரம் டன் கழிவைக் கொட்டியது. அந்த இடத்தின் மண் களிமண். மேலேயும் களிமண் போட்டு மூடினார்கள். 1953-ல் ஒரே ஒரு டாலருக்கு அந்த நிலம் பள்ளி நிர்வாகத்தின் கைக்குப் போனது.

அங்கே பள்ளிக்கூடம் எழும்பியது. சுற்றிலும் வீடுகள் வந்தன. கட்டும்போது மேல்மூடிக் களிமண்ணைத் தோண்டினார்கள். சாலைக்கும் சாக்கடைக் குழாய்க்கும் பக்கச் சுவரை வெட்டினார்கள். மழைநீரும் பனிநீரும் உள்ளே இறங்கி, தொட்டி நிறைவது போல நிறைந்து, வெட்டிய வழியாக நஞ்சோடு வெளியே வந்தது. வீடுகளின் நிலவறைச் சுவர்களில் ரசாயனம் கசிந்தது. 1978 ஆகஸ்டில் கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் வெளியேறும்படி அறிவுறுத்தப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் அவசர நிலை அறிவிக்கப்பட்டு, முதல் கட்டமாக 200-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. பூட்டைத் துளைத்ததற்குக் கொடுத்த விலை இது!

அந்த அனுபவங்களெல்லாம் இன்றைய விதிகளில் இருக்கின்றன. நம் நாட்டில் 2000-ம் ஆண்டின் நகரக் கழிவு விதிகள், குப்பை புதைக்கும் பள்ளத்தின் அடியில் 90 செ.மீ. களிமண்ணை இறுக்கி, அதற்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பு போடச் சொல்லின. பள்ளம் நிறைந்த பிறகு மேலே 60 செ.மீ. களிமண் மூடி. 2016-ல் வந்த விதிகளும் இதையே வலியுறுத்தின.

உங்கள் வீட்டில்...

ஊர்க் குப்பை இருக்கட்டும், நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். "எங்க செப்டிக் டேங்க் பத்து வருஷமா நிறையவே இல்லை சார்!" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. நிறையாமல் அது எங்கே போனது? அடித்தளம் போடாமல் உறை மட்டும் இறக்கிய குழி என்றால், எல்லாம் பூமிக்குள்தான் போகிறது. பக்கத்திலேயே போர்! பூமிக்குள் எது எந்தப் பக்கம் போகிறது என்று யார் கண்டது?

இவற்றைக் கவனியுங்கள்:

1. செப்டிக் டேங்குக்கு அடித்தளமும் பக்கச் சுவரும் கசிவில்லாமல் இருக்க வேண்டும். அதிலிருந்து வரும் நீரை உறிஞ்சும் குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது, அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்க வேண்டும். மணற்பாங்கான இடமானால் இன்னும் தள்ளி அமைப்பதே நல்லது.

2. போர் போடும்போது இயற்கை அமைத்த களிமண் அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் போகிறோம். கேசிங் குழாய்க்கும் துளைக்கும் நடுவே உள்ள சந்தை அப்படியே விட்டால், மேலே தேங்கும் அழுக்குத் தண்ணீர் நேரே கீழே இறங்கும். மேல் பத்து அடிக்காவது அந்தச் சந்தில் சிமென்ட் கலவையோ, நனைந்தால் உப்பும் பென்டோனைட் களிமண்ணோ நிரப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் வேணாம் சார்" என்பார்கள். விடாதீர்கள்!

3. கிணற்றையும் போரையும் சுற்றிச் சிமென்ட் தளம், தண்ணீர் வெளியே ஓடச் சரிவு, அதைத் தள்ளிக் கொண்டுபோகக் கால்வாய் மூன்றும் வேண்டும். துணி துவைப்பதும் மாடு கட்டுவதும் அங்கே வேண்டாம்.

4. 2003-ல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நல்ல திட்டம். ஆனால் களிமண் பகுதியில் தண்ணீர் இறங்க வேண்டுமென்று அடுக்கைத் துளைத்துக் குழி போடும்போது, சுத்தமான மாடித் தண்ணீரை மட்டும், அதையும் வடிகட்டி விடுங்கள். வாசல் கழுவிய நீர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

5. கைவிட்ட போரைத் திறந்து வைத்தால் குழந்தை விழும் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். நஞ்சு இறங்கும் ஆபத்தும் உண்டு. வாய்க்கு மூடி போட்டதோடு நிறுத்தாமல், உள்ளே மண்ணிட்டு, மேல்பகுதியைக் களிமண்ணால் இடித்து அடையுங்கள்.

6. கரிசல் பூமிக்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் மழை, மேலே கிடக்கும் அழுக்கை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இழுத்துப் போகும். குப்பைமேட்டைக் கிணற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

பரிசோதனை அவசியம்

ஆண்டுக்கு ஒருமுறை, முக்கியமாக மழைக்காலம் முடிந்ததும், கிணற்று நீரைச் சோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடங்களில் கட்டணம் கட்டினால் பார்த்துச் சொல்வார்கள். நைட்ரேட், மலக்கிருமி இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நைட்ரேட் அதிகம் என்று வந்தால் அந்தத் தண்ணீரைக் குழந்தைக்கு உடனே நிறுத்துங்கள். தாய்ப்பால் இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை.

வயிற்றுப்போக்குக்கும் காமாலைக்கும் என்னிடம் மருந்து இருக்கிறது. ஆனால், அந்த நோயைத் தினம் தினம் சொம்பில் மொண்டு குடித்தால் எந்த வைத்தியனால் என்ன செய்ய முடியும்? உங்கள் கிணற்றடியில் களிமண் காவல் இருந்தால், அதைத் துளைத்த இடத்தை மட்டும் நீங்கள் ஒழுங்காக மூடுங்கள். அடியில் மணல்தான் என்றால், அந்தக் காவலையும் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்!