தலைமாட்டில் நிற்பவன்

1992 டிசம்பர் 6, பாபர் மசூதி இடிக்கப்பட்ட அன்றே மும்பைத் தாராவியில் இந்து-முஸ்லிம் கலவரம் மூண்டது. அந்த மாதத்திலும் அடுத்த ஜனவரியிலும் மும்பையில் 900 பேர் செத்ததாக, கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பின்னால் கணக்குச் சொன்னது. எனக்கு அப்போது 16 வயது. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்த குடும்பம் எங்களுடையது. ஊரடங்கு போன பிறகும் தொண்ணூறு அடி ரோட்டைத் தாண்ட அம்மா விடமாட்டாள். வேலை நின்றுபோய் வீட்டில் உட்கார்ந்திருந்த பையன்களுக்குப் பழிவாங்குகிற பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

பக்கத்துச் சந்தில் தகரக் கூரை போட்ட ஜிம் ஒன்று இருந்தது. மாஸ்டர் என்னை ஒரு முஸ்லிம் பையனோடு ஜோடி சேர்த்தார். பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியைத் தூக்கும்போது கை தளர்ந்தால் அது கழுத்தில்தான் இறங்கும். அதனால் தலைமாட்டில் ஒருவன் சப்போர்ட்டுக்கு நிற்பான். முதலில் நான் வேண்டுமென்றே எடையைக் குறைத்தே போட்டேன். அவனும் அப்படித்தான். மெல்ல மெல்லப் பிளேட் கூடியது, பேச்சும் கூடியது. வேலையோ வீடோ எங்கள் கையில் இல்லை. போன மாதம் 40 கிலோ தூக்கியவன் இந்த மாதம் 45 தூக்குவது மட்டும் எங்கள் கையில் இருந்தது.

மாஸ்டர் அடிக்கடி பாடிபில்டர் மனோகர் ஐச் கதையைச் சொல்வார். உயரம் 4 அடி 11 அங்குலம். வெள்ளைக்கார அதிகாரியை அடித்துச் சிறைக்குப் போனவர், அங்கேயே உடம்பை ஏற்றினார். 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் உயரம் குறைந்தோர் பிரிவில் பட்டம் வாங்கினார். 100 வயது தாண்டியும் வாழ்ந்தார்.

இப்போது நானே மாஸ்டர். வருகிற பையன்களுக்கு மூன்றே மாதத்தில் மார்பு விரிய வேண்டும். தசை அப்படி வளராது. பாரம் தூக்கும்போது தசைக்கு நெருக்கடி வருகிறது. ஓய்விலும் தூக்கத்திலும்தான் அது பெருக்கிறது. நன்றாகப் பயிற்சி செய்கிறவனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு 1.6 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது; கொண்டைக்கடலை, பருப்பு, பால் எல்லாம் நம் தெருவிலேயே கிடைக்கும். ஸ்டீராய்டு ஊசி இதயத்தைக் கெடுக்கும், விந்தணுவைக் குறைக்கும். ஊசி போட்டுக்கொண்டு வருகிறவனை முதலில் டாக்டரிடம் அனுப்புகிறேன். விட்டுவிட்டு வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் 20 கிலோ வெறும் கம்பியிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.