மாவா, மணியா, ஊசியா?

மல்லசமுத்திரம் வட்டாரத்துச் சேகோ ஆலையில் காயும் குச்சிக்கிழங்கு மாவு சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும். அதே மாவில் உருட்டிய ஜவ்வரிசி, பாயசத்தில் வெந்ததும் கண்ணாடி மணியாகிறது. மாவில் ஒவ்வொரு நுண்மணியின் விளிம்பும் ஒளியைச் சிதறடித்தது. வேகும்போது மணிகள் நீர் குடித்து உப்பி ஒன்றோடொன்று இழைந்ததால் அந்த விளிம்புகள் மறைந்தன. கதிரியக்கத்தை அளக்கும் சின்டிலேட்டரிலும் இதே கணக்குதான். கதிர் பட்டதும் கண நேரம் மினுங்கும் பொருள் அது. கதிரை உள்ளே நிறுத்தவும் வேண்டும், பிறந்த ஒளியை வெளியே விடவும் வேண்டும். ஆகவே அதன் வேதிப்பெயரை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். துகளின் அளவும் வடிவும் மீதிப் பாதி.

1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் துத்தநாக சல்பைடு பூசிய திரையில் ஆல்ஃபா துகள்களின் மினுக்கத்தை இருட்டறையில் நுண்ணோக்கி வழியே எண்ணினார்கள். ஆல்ஃபா சில பத்து மைக்ரானுக்குள் நின்றுவிடும். மெல்லிய பொடிப்பூச்சே அதற்குப் போதும். பூச்சைத் தடித்தால் பொடிக்குள்ளேயே ஒளி அலைந்து தேய்ந்துபோகும். நியூட்ரான் திரையில் இந்தப் பொடியோடு லித்தியம் ஃபுளோரைடும் கலக்கிறது. நியூட்ரானை விழுங்கிய லித்தியம் இரண்டு துகள்களை உமிழும். லித்தியம் மணி பெரிதானால் அவை துத்தநாக சல்பைடை எட்டுமுன்பே அடங்கிவிடும். எக்ஸ்ரே திரையிலோ பெரிய மணி வெளிச்சம் கூட்டும், படத்தைக் கலங்கடிக்கும். சில மைக்ரான் பருமனுள்ள ஊசிகளாய் சீசியம் அயோடைடை வளர்த்தபோது இந்தச் சிக்கல் பெரிதும் தளர்ந்தது: வரப்புக்குள் ஓடும் வாய்க்கால் தண்ணீர்போல, ஒளியில் பெரும்பகுதி ஊசிக்குள்ளேயே ஓடுகிறது.

தெளிந்த பெரிய படிகம் இருக்கப் பொடி எதற்கு என்று கேட்கலாம். ஊடுருவும் காமாவுக்குப் படிகமே ஏற்றது. ஆனால் ஆல்ஃபாவை எண்ணும் இடத்தில் தடித்த படிகம் வேண்டாத காமாவையும் சேர்த்து எண்ணும். சோடியம் அயோடைடு படிகமோ ஈரம் பட்டால் கெடும். சரி, நானோ அளவுக்கு அரைத்துவிட்டால்? ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள் ஒளியை அதிகம் சிதறடிக்காது என்பது உண்மை. ஆனால் அந்த அளவில் அணுக்களில் பெரும்பங்கு மேற்பரப்பிலோ அதை ஒட்டியோ அமைகிறது. அங்குள்ள குறைகள் ஆற்றலை ஒளியாக விடாமல் வெப்பமாக்கிவிடும். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கு வேண்டியதோ பரப்பு. அண்டக்கதிர்ப் பொழிவைப் பிடிக்க, ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள சுமார் 400 பிளாஸ்டிக் சின்டிலேட்டர்கள் அங்கே விரிக்கப்பட்டிருக்கின்றன. எந்தக் கதிர் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். பொடியைச் சலிக்கும் சல்லடைக் கண்ணின் அளவு அதிலிருந்தே வரும்.