இன்னும் பிறக்காத மூதாட்டி: ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியதால் வந்த வினை

2016ஆம் ஆண்டின் நடுப்பகுதி. படுவான்கரையில் ஒரு சிறிய சிக்கனக் கடனுதவுச் சங்கத்தின் கணினிப் பதிவேட்டை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேமிப்புப் பணத்தில் கொஞ்சம் எடுக்க ஒரு மூதாட்டி வந்திருந்தார். எழுபது வயதைக் கடந்த அங்கத்தவர்களுக்குச் சங்கம் சிறு உதவித்தொகையும் கொடுத்து வந்தது. பெயரைத் தட்டினேன். திரையில் அவருடைய வயது -12 என்று வந்தது. பக்கத்தில் சிவப்பு நிறத்தில், உதவித்தொகைக்குத் தகுதி இல்லை என்றும் வந்தது.

அவர் பிறந்தது 1928 ஜூன் 10. கணினி அதை 2028 என்று எடுத்திருந்தது.

"அம்மா, நீங்க இன்னும் பிறக்கவே இல்லை எண்டு கொம்பியூட்டர் சொல்லுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பொறக்காமலா மகன் ரெண்டு புள்ளையளப் பறிகுடுத்தன்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

பிழை என்னுடையது. அது எப்படி வந்தது, எப்படித் திருத்தினோம் என்பதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இதே பிழை இன்றும் எங்கள் ஊர்ச் சங்கங்களிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஒளிந்திருக்கக்கூடும்.

இரண்டு இலக்கத்தின் கதை

கணினி வந்த தொடக்க காலத்தில் நினைவகம் மிக விலை கூடியது. ஒரு துளையட்டையில் 80 எழுத்துகளுக்குத்தான் இடம். அதற்குள் பெயர், தொகை, திகதி எல்லாம் அடங்கவேண்டும். ஆகவே 1965 என்பதை 65 என்று எழுதினார்கள். பிறகு நினைவகம் மலிந்தது. பழக்கம் மாறவில்லை.

1998இல் எடுத்த கடனை 2001இல் முடிக்கவேண்டும் என்று வையுங்கள். 01இலிருந்து 98ஐக் கழித்தால் மூன்று வராது, -97 வரும். வட்டி, வயது, ஓய்வூதியம், காலாவதித் திகதி எல்லாமே இப்படிப் பிழைக்கும். இதுதான் 1999இல் உலகமே பேசிய வைடூகே பிரச்சினை.

அந்த ஆண்டின் கடைசி இரவு எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் மின்கம்பியே இல்லை. வானொலியில் கணினிகள் நின்றுவிடுமாம் என்றார்கள். எங்களுக்கு அன்று பயம் ஷெல்லைப் பற்றித்தான். விடிந்தபோது உலகத்திலும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. வீண் பயம் என்று பலர் சொன்னார்கள். உண்மையில் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோர் வரிவரியாகத் தேடித் திருத்தியதால்தான் அந்த இரவு அமைதியாகக் கழிந்தது. தவறவிட்ட இடங்களில் விளைவும் இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், கர்ப்பிணிகளின் வயதைக் கணினி பிழையாகக் கணித்ததால் 150இற்கு மேற்பட்ட பெண்களுக்குப் பரிசோதனை முடிவு தவறாகப் போனது. அங்கே எந்த இயந்திரமும் நிற்கவில்லை. பிழையான விடையை அமைதியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

எங்கள் கையில் இருந்த அட்டை

2000 கடந்த பிறகும் இலங்கையில் ஒரு முக்கியமான இடத்தில் இரண்டு இலக்க ஆண்டு தொடர்ந்தது. அதுதான் தேசிய அடையாள அட்டை.

பழைய அட்டை எண்ணில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். அந்த மூதாட்டியின் எண் 28662 என்று தொடங்கியது. 28 ஆண்டு. 662இல் 500 போக மீதி 162, அதாவது ஜூன் 10.

இந்த முறையில் 1900இல் பிறந்தவருக்கும் 2000இல் பிறந்தவருக்கும் 00தான். அட்டை பெறும் வயது அப்போது 16. ஆகவே 2000இல் பிறந்த பிள்ளைகள் 2016இல்தான் வரிசைக்கு வந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் 12 இலக்க எண் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆண்டு நான்கு இலக்கம். உலகத்துக்கு 1999இல் வந்த வேலை, எங்கள் சங்கத்துக்கு 2016இல் வந்தது.

எங்கள் பதிவேட்டில் அட்டை எண்ணுக்குப் பத்து எழுத்துக்குத்தான் இடம். புதிய அட்டையோடு சேமிப்புக் கணக்குத் திறக்க வந்த பிள்ளைகளைப் பதிய முடியவில்லை. பதிவேட்டை மாற்றி, எல்லாருடைய பிறந்த திகதியையும் எக்செலில் மீண்டும் அடித்தேன். நேரம் மிச்சமாகட்டும் என்று ஆண்டை இரண்டு இலக்கத்தில் அடித்தேன். எங்களிடம் இருந்த எக்செல் 30 முதல் 99 வரை 1900 என்றும், 00 முதல் 29 வரை 2000 என்றும் தானாகவே முடிவு செய்யும். 1930இற்கு முன் பிறந்த அங்கத்தவர்கள் எல்லாரும் ஒரே மாலையில் இன்னும் பிறக்காதவர்கள் ஆனார்கள்.

எப்படிச் சோதித்தோம்

முதலில் பதிவேட்டைப் பிரதி எடுத்தோம். சோதனை எல்லாம் பிரதியில்தான். பிறகு சாதாரண ஆட்களை விட்டுவிட்டு, விளிம்பில் நிற்பவர்களைத் தேடினோம்.

1930இற்கு முன் பிறந்தவர்கள். 2000இற்குப் பின் பிறந்தவர்கள். 500 கூட்டிய பெண்களின் எண்கள். 2000 பெப்ரவரி 29இல் பிறந்த பிள்ளை: 100ஆல் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு அல்ல, ஆனால் 400ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு. லீப் அல்லாத ஆண்டில் மார்ச் 1 பிறந்தவர்: அட்டை எண் எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைப்பதால் அவருக்கு 061 வரும், நாட்காட்டியில் எண்ணினால் 60தான் வரும். இதைக் கவனிக்காத மென்பொருள் பிறந்த நாளை ஒரு நாள் தள்ளிவிடும்.

அடுத்தது, ஒரே ஆள் இரண்டு ஆளாகாமல் பார்ப்பது. பழைய எண்ணைப் புதிய வடிவில் எழுத, முன்னால் 19 சேர்க்கவேண்டும், முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் வைக்கவேண்டும், கடைசி எழுத்தை எடுத்துவிடவேண்டும். 28662 என்று தொடங்கும் எண் 19286620 என்று தொடங்கும். ஒருவர் ஓரிடத்தில் பழைய எண்ணும் இன்னோரிடத்தில் புதிய எண்ணும் கொடுத்தால், கணினிக்கு அவர் இரண்டு பேர். அட்டை எண்ணை எண்ணாக அல்ல, எழுத்தாகப் பதியவேண்டும் என்பதையும் அப்போதுதான் படித்தோம். இல்லாவிட்டால் எக்செல் 12 இலக்கத்தைச் சுருக்கிக் காட்டிவிடும்.

கடைசியில் கணினியின் திகதியை முன்னே தள்ளி, தவணைகளும் வட்டியும் சரியாக வருகின்றனவா என்று பார்த்தோம்.

கணினிக்குச் சாட்சி யார்?

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. கணினி சொல்வது சரியென்று எதை வைத்துச் சொல்வது? எங்களிடம் ஒரு பழைய லெட்ஜர் இருந்தது. 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தபோது, அப்போதைய பொருளாளர் அதை உரப்பையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தார். அதில் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே, 1928 என்று நான்கு இலக்கமும் மையால் எழுதியிருந்தது. அதைக் காட்டி அன்றே அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்தோம்.

எல்லாருக்கும் அப்படி லெட்ஜர் இல்லை. பிறப்புச் சான்றிதழ் எரிந்தவர்கள், அட்டையைத் தொலைத்தவர்கள், உத்தேச வயதுச் சான்றிதழோடு இருப்பவர்கள் எங்கள் மத்தியில் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கணினியில் உள்ள ஒரு வரிதான் சில இடங்களில் ஒரே சாட்சி. அந்த வரி பிழைத்தால் வாதாட அவர்களிடம் வேறு கடுதாசி இல்லை.

இன்னொரு திகதியும் வருகிறது. பல பழைய கணினி அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணியே நேரத்தை வைத்திருக்கின்றன. அவை தாங்கும் கடைசி எண் 2,147,483,647. இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07இற்கு அது நிரம்பும். திருத்தாத அமைப்பு அடுத்த நொடியில் 1901இற்குப் போகும். 2038 தூரம் என்று நினைக்கவேண்டாம். இன்று பதினைந்து ஆண்டுக் கடனுக்குத் தவணை போடும் மென்பொருள் இன்றே அந்தத் திகதியைத் தாண்டுகிறது.

அடுத்த முறை சங்கத்துக்கோ கடன் அலுவலகத்துக்கோ போகும்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் பிறந்த ஆண்டைத் திரையைப் பார்த்து நான்கு இலக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுடையதையும் கேளுங்கள். பிழை இருந்தால், அவர்கள் பணத்துக்காக வரிசையில் நிற்கும் நாளுக்கு முன்பே திருத்திவிடலாம்.